மஅபர்: கடவை நாட்டின் கதை

அரபு நாட்டுப் புவியியல் அறிஞரும் பயணிகளும் நம் தமிழகத்தின் கீழைக்கரைக்கு இட்டு வழங்கிய பெயர் 'மஅபர்' என்பதாகும். 'அபர' என்னும் அரபு வினைச்சொல்லுக்குக் 'கடந்தான்' என்பது பொருள். அவ்வேரினின்று 'மஃப்அல்' என்ற வாய்பாட்டில் பிறந்த இடப்பெயரே மஅபர். மதரஸாவில் ஸர்ஃபுப் பாடம் ஓதும் இளம் மாணவனும் இதற்குக் கடக்கும் இடம், கடவை, துறை என்று பொருள் சொல்லிவிடுவான். ஒரு நாட்டுக்கு அதன் அரசன் பெயரையோ விளைபொருளின் பெயரையோ இடாமல், இங்கிருந்து அக்கரைக்குப் போகலாம் என்பதையே அடையாளமாகக் கொண்டு பெயரிட்ட அவ்வரபியரின் நோக்கு நமக்கு எப்பொழுதும் வியப்பளிப்பது.

நாம் வாழும் திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. கண்ணுக்கு எட்டிய வரை கரிசலும், பனையும், சீமைக்கருவேலுந்தான். குண்டாறு என்று பெயர் பெற்ற ஆறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிட்டால் கம்பும் பருத்தியும் மிளகாயும், அதுவும் பொய்த்தால் பயணம் என்பது இங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற பாடம். ஆகவே கடவை நாட்டின் கரை கீழக்கரையிலும் மண்டபத்திலும் இருந்ததென்றால், அதன் உள்வாசல் நம் வானம் பார்த்த பூமியில் இருந்தது எனலாம். கடல் காணாத ஊர்களிலிருந்துதான் கடல் கடந்தோர் மிகுதி.

நம் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்று உண்டு. நம் பாட்டனார் இலங்கையின் மலைநாட்டில் சிறியதொரு துணிக்கடை வைத்திருந்த காலத்துக் கணக்கேடு அதனுள் இருக்கின்றது. அரபுத் தமிழில் எழுதப்பட்ட ஏடு. தாள்கள் மஞ்சளித்து ஓரங்கள் உதிர்ந்துவிட்டன. அதன் முற்பகுதியில் வரவும் செலவும் வெறும் 'ரூபாய்' என்று மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன. அருப்புக்கோட்டைச் சரக்குக்குக் கொடுத்த தொகையும், அங்குள்ள தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் வாங்கிய தொகையும் ஒரே பத்தியில் நிற்கின்றன. பின்னர் ஓரிடத்தில் அப்பத்தி இரண்டாகப் பிரிகின்றது. ஒன்றன் தலையில் 'ஊர் ரூபாய்', மற்றதன் தலையில் 'சிலோன் ரூபாய்' என்று எழுதியிருக்கின்றார். இரு அரசுகள் பிரிந்த செய்தியை எத்தனையோ நூல்களில் படித்திருக்கின்றோம். அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்த அன்றுதான் அது நம் நெஞ்சில் தைத்தது.

அண்டை நாடுகள் அரசியலாலும் பொருளாலும் ஒன்றுபடுவது பற்றி இந்நாளில் மிகுதியாகப் பேசப்படுகின்றது. ஐரோப்பாவைக் காட்டுகின்றனர், தென்கிழக்காசிய நாடுகளைக் காட்டுகின்றனர், 1981இல் அமைந்த வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தை நம் பிள்ளைகளே அங்குச் சென்று பார்த்து வந்து சொல்கின்றனர். ஒன்றியம் என்று பொதுப்படச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று கதவுகளாகும். சரக்கு கடக்கும் கதவு ஒன்று, காசு கடக்கும் கதவு ஒன்று, ஆள் கடக்கும் கதவு ஒன்று. மற்ற நாடுகளில் இவை எந்த வரிசையில் திறந்தன, நம் சேதுக்கரையில் எந்த வரிசையில் மூடின என்பதையே இங்குச் சொல்ல விழைகின்றோம்.

பழங்காலத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1344இல் மாலத்தீவிலிருந்து மஅபருக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளியது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி என்னும் மன்னர் பாரசீக மொழியில் அவரோடு உரையாடினார். பாவா ஆதம் மலைக்குப் போய்வரத் துணையாட்களும் கொடுத்தார். அம்மன்னரின் கப்பல்களை மஅபர் கரையில் தாம் கண்டதாகவும் இப்னு பதூதா எழுதுகின்றார். பின்னர் அவர் நம் கரைக்கு வரும்போது கப்பல் தட்டி, உயிர் தப்பி, மதுரை சுல்தான் கியாசுத்தீனின் பாசறையை அடைந்தார். அந்த சுல்தான் அவருக்குச் சகலர் முறை. அக்காலத்து யாழ்ப்பாண மன்னரின் நாணயங்களில் 'சேது' என்ற தமிழ்ச்சொல் பொறிக்கப்பட்டிருந்தது. இக்கரையில் சேதுபதி, அக்கரையில் சேது நாணயம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) இரு கரைகளிலும் மார்க்கப் பணி ஆற்றியதும், கண்டியில் சித்திலெப்பை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' தமிழில் வெளிவந்ததும் அத்தொடர்பின் பிற்காலக் கிளைகளே.

ஆனால் இவையெல்லாம் மரக்காயர், மன்னர், அறிஞர் ஆகியோரின் போக்குவரவு. நம் கரிசல் காட்டு ஏழை கடல் கடந்த கதை வேறு.

இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காப்பி பயிரிடத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அறுவடைக்கு ஆள் வேண்டும். இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் மழையில்லை, வேலையில்லை. கங்காணி என்பவன் ஊருக்கு வருவான். உறவினனாக இருப்பான், அல்லது உறவினன் போலப் பேசுவான். முன்பணம் கொடுப்பான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட காட்டு வழியில் மாத்தளை வரை நடக்க வேண்டும். தண்ணீரின்றியும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தோர் பலர். 1869க்குப் பின் இலைநோய் கண்டு காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. காப்பிக்கு ஆண்டில் சில மாதமே ஆள் தேவை. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ள வேண்டும். போய்வந்தவர்கள் அங்கேயே குடும்பமாகத் தங்க நேர்ந்தது இதனாலேயாகும். இடையில் 1876 தொடங்கி வந்த தாது வருடப் பஞ்சம் ஊர்களைக் காலி செய்தது. இன்றும் நம் பக்கத்து முதியோர் பெரும்பஞ்சத்துக்குத் தாது வருடம் என்றே பெயர் சொல்வர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை ஏற்பட்டது. தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத்துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டால், வழியெங்கும் அதிகாரிகள் அதனைப் பார்த்து ஆளை உரிய தோட்டத்தில் சேர்த்துவிடுவர். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பின்னர் தொழிலாளியின் கடனாக இறங்கும். கடன் தீராதவனை மற்றொரு தோட்டம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் கடன் தொகை குறித்த 'துண்டு' ஒன்று வேண்டும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை மனிதன் கடனோடு சேர்த்துக் கைமாறினான். மண்டபத்தில் முகாம் அமைத்து, ஆட்களை அங்கே சில நாள் நிறுத்தி, நோய் உண்டா எனப் பார்த்து, அம்மைகுத்தி அனுப்பினர்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் ஒரே பயணச்சீட்டு வாங்கி, தனுஷ்கோடி வரை இரயிலில் சென்று, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறி, மீண்டும் இரயிலில் கொழும்புக்குப் போய்ச் சேரலாம். இதையே மக்கள் 'போட் மெயில்' என்றனர். நம் வட்டாரத்தார் மானாமதுரைக்குச் சென்று அதில் ஏறுவர். பெட்டியில் அரிசிமாவும் கருவாடும் போயின. திரும்பும்போது தேயிலைத்தூளும் சந்தன சோப்பும் வந்தன என்று நம் பாட்டியார் கூறக் கேட்டிருக்கின்றோம். சென்னை மாகாணத்துக் கைத்தறிக் கைலிகளுக்கும் கம்பாயங்களுக்கும் இலங்கை நல்ல சந்தை. பாட்டனாரின் ஏட்டில் அருப்புக்கோட்டைச் சரக்கு என்று வருவது இவ்வகைத் துணிகளே. நெய்பவன் இக்கரையில், உடுப்பவன் அக்கரையில். இருவரும் ஒரே ஊர்க்காரராகவும் இருக்கலாம்.

காசும் அவ்வாறே. 1870களின் தொடக்கத்தில் ரூபாயே இலங்கையின் நாணயமாயிற்று. 1950இல் இலங்கை மத்திய வங்கி நிறுவப்படும் வரை இலங்கை ரூபாய் இந்திய ரூபாயோடு பிணைக்கப்பட்டிருந்தது. இதைப் போன்ற மற்றொன்றையும் இங்கே குறிப்பிடலாம். குவைத், பஹ்ரைன், கத்தர், துபை ஆகிய நாடுகளில் இந்திய ரூபாய் நெடுங்காலம் செலாவணியில் இருந்தது. 1959இல் அப்பகுதிகளுக்கென்றே வேறு வண்ணத்தில் ரூபாய்த் தாள்களை இந்தியா வெளியிட்டது. ஹாஜிகளுக்கென்றும் தனித்தாள் அச்சிட்டது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தம் சொந்த நாணயத்தை அமைத்துக்கொண்டன. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் எஞ்சியோரும் விலகினர். திர்ஹத்துக்கு இன்று எத்தனை ரூபாய் என்று நாள்தோறும் விசாரிக்கும் நம் குடும்பங்களுக்கு, அங்கே நம் ரூபாயே ஓடியது என்றால் நம்புவது கடினம்.

ஆக, 1914க்கும் 1939க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஆள் கடந்தான், காசு கடந்தது, சரக்கு கடந்தது. இன்று ஒன்றியம் என்ற பெயரால் நாடுகள் எதனை நாடி நிற்கின்றனவோ அதில் பெரும்பகுதி கைவசம் இருந்தது. ஆயின், இதனை ஒன்றியம் என்று கொண்டாட நம் மனம் ஒப்பவில்லை. இரு நாட்டு மக்களும் கூடிப் பேசி இதனை ஏற்படுத்தவில்லை. ஒரே முடியின் கீழ் இரு நாடுகளும் அடிமைப்பட்டிருந்ததால் கதவு தானே திறந்து கிடந்தது. தோட்டத் துரைக்கு ஆள் வேண்டும் என்பதே அதன் காரணம். கடந்து போனவனுக்கு அங்கே என்ன உரிமை என்று எவரும் எழுதி வைக்கவில்லை. குறை அங்கேதான் இருந்தது.

மதீனாவில் ஹிஜ்ரத்துக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பல குலத்தாரையும் யூதரையும் இணைத்துச் செய்த உடன்படிக்கையை நாம் இங்கு எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒவ்வொரு குலத்தின் பெயரும் அதில் சொல்லப்பட்டது. அவரவர் மார்க்கம் அவரவர்க்கு என்பதும், தாக்குதல் வந்தால் ஒருவர்க்கொருவர் துணை என்பதும், செலவை யார் ஏற்பது என்பதும் எழுதப்பட்டன. அண்டை வாழ்வோர் ஒன்றுபடும்போது யார் யார் இதில் உள்ளனர் என்பதையே முதலில் எழுதினர். சேதுக்கரையிலோ, யார் உள்ளவர் என்ற வினாவே 1940கள் வரை தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் அது எழுந்தபோது விடை கசப்பாக இருந்தது.

1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலி வாங்கிய இந்தியரை நீக்கியது. நேரு நேரில் சென்று பேசியும் பயனில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் உடலுழைப்பாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. 1946 கணக்கெடுப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தனர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அங்கே பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்தவர் என்று சான்று காட்ட வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுடைய தந்தையின் பிறப்புக்கு எவர் சான்று வைத்திருப்பார்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அவ்வாண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே குடியுரிமை கிடைத்தது.

இதில் இலங்கையரை மட்டும் குற்றம் சொல்வது நடுநிலை ஆகாது. சிறிய நாட்டின் அச்சத்தைப் பெரிய நாட்டுக்காரர் எளிதில் உணர்வதில்லை. இந்தியத் தலைவர் சிலர், இலங்கை இந்தியக் கூட்டாட்சியில் ஓர் அங்கமாகலாம் என்று 1940களில் பேசியதுண்டு. அன்பினால் பேசியிருக்கலாம். ஆயினும் யானை அருகில் படுக்க இடம் கேட்டால் ஆட்டுக்குட்டிக்குத் தூக்கம் வருமா? கண்டிச் சிங்களக் குடியானவனும் தன் மலை பறிபோய் அதில் தேயிலை நிற்பதைப் பார்த்தவனே. நிலத்தை எடுத்த துரை கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தான். கொழுந்து கிள்ளிய தமிழச்சி கண்ணெதிரே நின்றாள். 1915இல் கம்பளையில் பெரஹராவின் மேளம் பள்ளிவாசல் முன் ஒலிப்பது பற்றிய வழக்கிலிருந்து மூண்ட கலவரமும் இத்தன்மையதே. அந்தப் பள்ளிவாசல் நம் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகருடையது. கடன் கொடுப்பவன், விலை ஏற்றுபவன் என்று அவர்கள்மேல் மூண்டிருந்த சினமும் அத்தீயில் எண்ணெயாயிற்று. வெளியிலிருந்து வந்து கடை வைத்தவன் இதனை மறந்துவிடலாகாது என்பது நம் பாட்டனாரே கூறிய கருத்து.

1948க்குப் பின் கடல் நடுவே சுவர் எழுந்தது. கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டும் என்றாயின. ஊருக்குப் பணம் அனுப்பக் கட்டுப்பாடு வந்தது. பாட்டனாரைப் போன்ற வணிகருக்குத் தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒரு தாள் கொடுத்தனர். அதனை டி.ஆர்.பி. என்றே எல்லோரும் சொல்வர். கால எல்லை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறுத்தால் கடையைப் பூட்ட வேண்டும். ஏட்டில் பத்தி இரண்டாகப் பிரிந்தது இக்காலத்தில்தான். ஒரு நாள் அவர் அங்கிருந்த கடன் நிலுவையெல்லாம் விட்டுவிட்டுத் தகரப் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். அனுமதியின்றித் தோணியேறிப் போனவர்களும் உண்டு. நேற்று வரை தோணியில் போனவன் பயணி. இன்று அதே தோணியில் போனவன் 'கள்ளத்தோணி'. அச்சொல் மெல்ல மெல்ல, முறையாகப் போனவனையும் அங்கேயே பிறந்தவனையும் ஏசும் வசையாயிற்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் தொகை 9,75,000 என்று கொண்டனர். அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்க்கலாம். 1974இல் அந்த எஞ்சியோரையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பங்கிட்டனர். இந்த எண்களை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகின்றோம். எல்லாம் முழு எண்கள். தானியத்தை மரக்காலால் அளப்பது போல் அளந்திருக்கின்றனர். ஒரு குடும்பத்தில் அண்ணன் எந்தப் பங்கில் விழுவான், தங்கை எந்தப் பங்கில் விழுவாள் என்பதற்கு எண்ணில் இடமில்லை. ஒப்பந்தம் ஆன இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது; 1980களில் போர் மூண்டபின் அதுவும் நின்றது.

அக்காலத்தில் மண்டபம் முகாம் மீண்டும் நிறைந்தது. முன்பு ஆளை அனுப்பிய முகாம் இப்பொழுது ஆளை வாங்கியது. கையில் குடும்ப அட்டையைக் கொடுத்து, நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கும், நூற்பாலைக்கும், வேறு ஊர்களுக்கும் அனுப்பினர். பர்மாவிலிருந்து வந்தோரும் அவ்வாண்டுகளில் சென்னையில் இறங்கினர். 1937 வரை இந்தியாவோடு ஒரே ஆட்சியில் இருந்த நாடு அது; 1960களில் அங்கே கடைகள் அரசுடைமையானதும் ரங்கூன் சோலியாத் தெருக்கள் இழந்தவை பற்றி நம் வாசகர் பலர் தம் வீட்டிலேயே கேட்டிருப்பர். அங்கே 'வடக்கத்தியான்' என்று ஏசப்பட்டு வந்தவர் இங்கே 'சிலோன்காரர்' ஆயினர். நம் பள்ளி வயதில் உடன் படித்த பிள்ளைகளுள் இத்தகையோர் இருந்தனர். அவர்கள் 'கதைக்கிறது' என்றால் நாங்கள் சிரிப்போம். அதனை இன்று எண்ண நாணமாக இருக்கின்றது.

இந்தக் கதையை ஐரோப்பாவின் கதையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு பெரும்போர்களில் ஒருவரையொருவர் கொன்று குவித்த ஆறு நாடுகள் 1951 ஏப்ரலில் பாரிசில் நிலக்கரிக்கும் எஃகுக்கும் உடன்படிக்கை செய்தன. படைக்கருவிக்கு வேண்டியவை இவ்விரண்டுமே என்பதால் அவற்றையே பொதுவாக்கினர். பொருளை முன்வைத்துத் தொடங்கினர் என்பதை எல்லோரும் சொல்வர். பலர் கவனியாத ஒன்று, அவ்வுடன்படிக்கையின் 69ஆம் பிரிவு. தேர்ச்சி பெற்ற நிலக்கரி, எஃகுத் தொழிலாளரை எந்நாட்டவர் என்று பார்த்து வேலையில் தடுக்கலாகாது என்று அதில் எழுதியிருந்தனர். 1957இல் ரோமில் பொதுச் சந்தை கண்டனர்; 1968இல் தொழிலாளர் தடையின்றிச் செல்லும் உரிமை முழுமை பெற்றது; 1985இல் ஷெங்கனில் எல்லைச் சோதனையை நீக்க ஒப்பினர்; 1999இல் பொது நாணயம் கண்டனர். முதல் தாளிலேயே சுரங்கத்தில் இறங்குபவனுக்கு ஒரு வரி இருந்தது. பிரிட்டன் 2020இல் அவ்வொன்றியத்திலிருந்து வெளியேறியது உண்மையே. ஆள் வரவைப் பற்றிய கசப்பே அதற்கு ஒரு காரணம் என்பதும் உண்மையே. அங்கும் கடினமான கதவு ஆள் கடக்கும் கதவுதான். எனினும், அங்கு முன்னரே குடியேறி வாழ்ந்த பிற நாட்டாரின் நிலை என்ன என்பதை, வெளியேறும் உடன்படிக்கையிலேயே எழுதினர். நம் கரையில் பிரிவு வந்தபோது அவ்வாறு எழுதப்படவில்லை.

எகிப்தும் சிரியாவும் 1958இல் ஒரே குடியரசாகி, 1961இல் பிரிந்ததையும் நினைவூட்டலாம். மொழி ஒன்று, மார்க்கம் பெரும்பாலும் ஒன்று; மூன்றே முக்கால் ஆண்டு கூட நிலைக்கவில்லை. உணர்ச்சியின்மேல் கட்டிய ஒன்றியத்துக்கு அதற்குமேல் ஆயுள் இல்லை.

நம் தெற்காசியாவில் 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் அமைப்புத் தோன்றியது. ஏழு நாடுகள், 2007இல் ஆப்கானிஸ்தான் சேர்ந்து எட்டாயிற்று. 2004இல் இஸ்லாமாபாதில் தடையிலா வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 2006இல் அது நடைமுறைக்கு வந்தது. எட்டு நாடுகளும் தமக்குள் செய்யும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் ஐந்து விழுக்காட்டை ஒட்டியே நிற்கின்றது. 2014இல் காத்மாண்டுவில் கூடிய பின் தலைவர்கள் மாநாடு நடைபெறவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் முகம் பாராத வீட்டில் பந்தி எப்படி நடக்கும்? அனுமதிச்சீட்டு விலக்குத் திட்டம் ஒன்றும் 1992 முதல் உண்டு. நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர், உயர் அதிகாரிகள், பெருவணிகர், செய்தியாளர், விளையாட்டு வீரர் என்று அதற்கு உரியோரின் பட்டியல் நீள்கின்றது. கூலிக்காரன் அதில் இல்லை. தன் தங்கையைப் பார்க்கப் போகும் கிழவனும் இல்லை.

இந்தியாவும் இலங்கையும் தனியே செய்த வணிக உடன்பாடு ஓரளவு பயன் தந்தது. 1998 டிசம்பர் 28இல் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்பாட்டின்படி, இலங்கைப் பொருள் என்று சொல்ல அதன் மதிப்பில் 35 விழுக்காடு அங்கே சேர்ந்திருக்க வேண்டும். இவ்விதியின் இடுக்கில் நுழைந்தவர்கள் உண்டு. பாமாயிலை வேறு நாட்டிலிருந்து இறக்கி, அதனை வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் இலங்கையில் முளைத்தன. அவற்றுள் பலவற்றுக்கு இந்தியரே முதல் போட்டனர். பின்னர் இந்தியா அளவு விதித்ததும் அவை வாடின. தேயிலைக்கும் அளவு உண்டு. சலுகை வரியில் ஆண்டுக்கு 1 கோடியே 50 இலட்சம் கிலோ இலங்கைத் தேயிலை இந்தியாவுக்குள் வரலாம். 1964இல் கொழுந்து கிள்ளியவரை எண்ணி 5,25,000 என்று எழுதினர். 1998இல் அவர் கிள்ளிய கொழுந்தை எடை போட்டு எழுதினர். இரண்டாம் தாளில் உள்ள எண்ணைக் குறித்துப் பேசப் பல சுற்றுப் பேச்சுகள் நடந்தன. முதல் தாளில் உள்ள எண்ணைக் குறித்து அந்த மக்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்கு 1988லும் 2003லும் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமியற்றிக் குடியுரிமை தந்தது. இதை அந்நாட்டின் நற்செயலாகவே சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லைக்கோட்டில் ஒரு விந்தையும் உண்டு. கச்சத்தீவு பற்றிய 1974 உடன்பாட்டின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் அத்தீவுக்குக் கடவுச்சீட்டும் அனுமதியுமின்றி வரலாம் என்கின்றது. அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகுகள் போகின்றன, அக்கரையிலிருந்தும் வருகின்றன. இரு கரைத் தமிழரும் அங்கே ஓரிரு நாள் கலந்திருந்து பிரிகின்றனர். குடிநீர் கூட இல்லாத அச்சிறு தீவில் மட்டும் மஅபர் என்ற பெயர் இன்னும் உயிரோடு இருக்கின்றது போலும்.

2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது இந்திய அரசு கடனுதவி தந்தது. அவ்வாண்டு மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டின் அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறின. 2023இல் இலங்கையோடான வணிகத்தில் இந்திய ரூபாயைப் பயன்படுத்த வழி ஏற்பட்டது. 2024 பிப்ரவரியில் நம் கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறை அந்நாட்டுக் கடைகளிலும் செல்லுபடியாகத் தொடங்கியது. காசின் கதவு மீண்டும் சற்றே திறக்கின்றது. பாட்டனார் இருந்திருந்தால் இரண்டு பத்தியை ஒன்றாக்கலாமா என்று ஐயத்துடன் பார்த்திருப்பார்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்ட செய்தி வந்த வாரம், நம் தெருவுக்கு அடுத்த தெருவில் வாழும் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் குடும்ப அட்டையோடு வந்தவர். அவர் தங்கை அங்கே மணமுடித்திருந்ததால் இலங்கைப் பங்கில் விழுந்தவர். நாளேட்டை நீட்டி, "வாத்தியாரய்யா, கப்பல் போட்டாச்சாமே, இதை வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வாசித்துச் சொன்னோம். கடல் கடக்கச் சில மணி நேரமே ஆகும் என்றதும் முகம் மலர்ந்தது.

"பாஸ்போர்ட்டு வேணும் அம்மா" என்றோம்.

"அதுக்கு என்ன காகிதம் கேப்பாங்க?"

பிறந்த தேதிக்கும் பிறந்த ஊருக்கும் சான்று என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பசை ஒட்டிய தாள் ஒன்றை எடுத்தார். மண்டபம் முகாமில் கொடுத்த அட்டை. அதில் எழுத்து அழிந்துவிட்டது. முத்திரையின் வட்டம் மட்டும் தெரிந்தது.

"இது ஆகுமாங்கய்யா?" என்று கேட்டார்.